சேலத்து வக்கீல் ராஜாஜியும் மதுவிலக்கும்

மது ஹராம் என்பதை, மதரஸாவில் ஓதத் தொடங்கிய நமது சிறு பிள்ளையும் அறியும். ஆனால் அந்த ஹராமை நாட்டை விட்டு அகற்ற நாம் என்ன பாடுபட்டோம் என்று எவரேனும் கேட்டால், நம்மில் பலர் தலை குனிய வேண்டியிருக்கும். நமது மார்க்கத்தைச் சாராத ஒருவர் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் இதற்காக உழைத்தார். சேலத்தில் வக்கீலாக இருந்து, இந்தியாவின் கவர்னர் ஜெனரல் பதவி வரை உயர்ந்த சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார்தான் அவர். ராஜாஜி என்றால் அனைவருக்கும் தெரியும். அன்னாரின் வாழ்க்கையில் நமது குடும்பங்களுக்கும் ஒரு படிப்பினை இருக்கிறது.

அன்றைய சேலம் ஜில்லாவில், ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளி என்னும் கிராமத்தில் 1878-ம் ஆண்டு டிசம்பர் 10-ம் தேதி ராஜாஜி பிறந்தார். தந்தையார் அவ்வூர் முன்சீப். ஓசூரிலும், பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியிலும், சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்து, சட்டமும் பயின்று, 1900-ம் ஆண்டு வாக்கில் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். கூர்மையான அறிவும் தெளிவான பேச்சும் உடையவராதலால் விரைவிலேயே பெயரும் பொருளும் சேர்ந்தன. 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவராகவும் இருந்தார். இதற்கிடையே மனைவியார் இளம் வயதிலேயே காலமாகிவிட, ஐந்து குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பு அவர்மீது விழுந்தது. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

ரௌலட் சட்டத்தை எதிர்த்துக் காந்திஜி 1919-ல் சென்னை வந்தபோது ராஜாஜியின் வீட்டில்தான் தங்கினார். அந்தச் சந்திப்பு அவர் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. ஒத்துழையாமை இயக்கம் தோன்றியதும், நன்றாகச் சம்பாதித்துக் கொடுத்த வக்கீல் தொழிலைக் கைவிட்டார். கிலாபத்துக்காக ஆலிம்களும் பொதுமக்களும் சிறை புகுந்த காலம் அது. இந்துக்களும் முஸ்லிம்களும் தோளோடு தோள் நின்ற காலம். 1921-ம் ஆண்டின் இறுதியில் ராஜாஜியும் கைதாகி, மூன்று மாதம் வேலூர்ச் சிறையில் இருந்தார்.

பட்டம் பதவிகளை நாடிச் சென்றிருக்கக்கூடிய அவர், 1925-ல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை அமைத்துக் குடியேறினார். இவ்வூர் இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. மழை பொய்த்துப் போகும் வறண்ட பூமி அது. ஏழைப் பெண்களுக்கு ராட்டையில் நூல் நூற்கும் வேலை கொடுத்துக் கூலி வழங்கியது ஆசிரமம். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களையும் உடன் வைத்துக்கொண்டதால் சுற்றுவட்டாரத்தில் ஆரம்பத்தில் எதிர்ப்பு எழுந்தது. அதையும் பொறுத்துக்கொண்டார்.

இந்தக் கிராம வாழ்வில்தான் மதுவின் கேட்டை அவர் அருகிலிருந்து கண்டார். கொடுக்கும் கூலி கள்ளுக்கடைக்குப் போய்விட்டால் ராட்டை கொடுத்து என்ன பயன்? பாத்திரத்தின் ஓட்டையை அடைக்காமல் தண்ணீர் ஊற்றுவது போலத்தானே அது! ஆகவே கதர், தீண்டாமை ஒழிப்பு ஆகியவற்றோடு மதுவிலக்கையும் தம் முக்கியப் பணியாக ஆக்கிக்கொண்டார். அதற்காகவே ஆசிரமத்திலிருந்து ‘விமோசனம்’ என்ற மாதப் பத்திரிகையை நடத்தினார். பிற்காலத்தில் புகழ்பெற்ற எழுத்தாளர் கல்கி அதில் அவருக்குத் துணையாக இருந்தார். 1930-ல் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை உப்பு சத்தியாக்கிரக யாத்திரையை நடத்தி மீண்டும் சிறை சென்றதும் அவர் வாழ்வின் முக்கிய நிகழ்ச்சியாகும்.

1937 ஜூலையில் அவர் சென்னை மாகாணத்தின் முதன்மந்திரியானார். கிலாபத் இயக்கத்தில் பெயர் பெற்ற யாகூப் ஹசன் சேட் அவர்கள் அந்த மந்திரிசபையில் பொதுப்பணி மந்திரியாக இருந்தார். பதவியேற்ற மூன்றாம் மாதமே, அதாவது அக்டோபர் 1-ம் தேதி, சேலம் ஜில்லாவில் மதுவிலக்குச் சட்டம் அமலுக்கு வந்தது. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பகுதிகளும் அன்று சேலம் ஜில்லாவில் அடங்கியிருந்தன. தாம் வக்கீலாகத் தொழில் செய்த மண்ணிலேயே கள்ளுக்கடைகளையும் சாராயக்கடைகளையும் மூடிக் காட்டினார். அடுத்தடுத்த ஆண்டுகளில் சித்தூர், கடப்பை, வட ஆற்காடு ஜில்லாக்களுக்கும் சட்டம் விரிந்தது.

மதுக்கடையை மூடினால் கஜானா காலியாகுமே என்பது அன்றும் பேசப்பட்ட வாதம்தான். ராஜாஜி அதற்கு அஞ்சிப் பின்வாங்கவில்லை. இழந்த வருமானத்தை ஈடுசெய்ய 1939-ல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். வணிகர்களின் கோபத்துக்கு ஆளானார். கள் இறக்கிப் பிழைத்தவர்கள் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சவும் வழிவகை செய்யப்பட்டது. ஒரு தீமையை அகற்றுவோர், அதனால் பிழைப்பு இழப்பவனையும் மறக்கக்கூடாது. அதற்கு ஆகும் செலவையும் துணிந்து ஏற்க வேண்டும். இவ்விரண்டையும் அவருடைய ஆட்சியில் பார்க்கிறோம்.

அவர் செய்ததெல்லாம் சரியே என்று நாம் கூற வரவில்லை. 1938-ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியதும், 1953-ல் கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டமும் தமிழ்நாட்டில் பெரும் கொந்தளிப்பை உண்டாக்கின. அந்தப் பள்ளித் திட்டத்தின் எதிர்ப்பினாலேயே 1954-ல் முதன்மந்திரி பதவியை விட்டு விலகும்படியாயிற்று. ஆனால் சரியென்று பட்டதைச் சொல்ல ஆதரவு இருக்கிறதா என்று அவர் பார்ப்பதில்லை. முஸ்லிம் லீகின் கோரிக்கையோடு ஒரு சமரசம் காண வேண்டும் என்று 1942-ல் வற்புறுத்தி, அதனால் காங்கிரஸை விட்டே வெளியேறினார். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மாவட்டங்களின் எதிர்காலத்தை யுத்தம் முடிந்தபின் அங்குள்ள மக்கள் அனைவரின் வாக்கெடுப்பால் முடிவு செய்யலாம் என்பது அவருடைய திட்டம். 1944-ல் காந்திஜியும் ஜின்னா சாகிபும் பம்பாயில் நடத்திய பேச்சுக்கு அதுவே அடிப்படையாயிற்று. பேச்சு பலிக்கவில்லை. ராஜாஜிக்குக் கிடைத்தது சொந்தத் தோழர்களின் ஏச்சுதான்.

நாடு சுதந்திரமடைந்ததும் மேற்கு வங்கத்தின் கவர்னரானார். கல்கத்தா கலவரத்தைத் தணிக்கக் காந்திஜி உண்ணாவிரதமிருந்தது அந்த நாட்களில்தான். 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி 26 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக விளங்கினார். அப்பதவியை வகித்த இந்தியர் அவர் ஒருவரே. பின்னர் மத்திய உள்துறை மந்திரி, மீண்டும் சென்னை முதன்மந்திரி, 1954-ல் பாரத ரத்னா என்று சிறப்புகள் தொடர்ந்தன. ஓய்வு கொள்ள வேண்டிய எண்பதாவது வயதில், 1959-ல், சுதந்திரா கட்சியைத் தோற்றுவித்தார். 1967 தேர்தலில் தி.மு.க.வோடும், காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாகிப் அவர்களின் தலைமையிலிருந்த முஸ்லிம் லீகோடும் ஓரணியில் நின்று ஆட்சி மாற்றத்துக்கு வழிகோலினார்.

அவருடைய முதுமையில் நேர்ந்த பெரிய வேதனை 1971-ல் வந்தது. தமிழக அரசு மதுவிலக்கைத் தளர்த்த முற்பட்டபோது, தொண்ணூறு வயதைக் கடந்துவிட்ட அந்தக் கிழவர், மழையையும் பொருட்படுத்தாமல் முதலமைச்சர் கருணாநிதி அவர்களின் வீடு தேடிச் சென்று வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கோரிக்கை ஏற்கப்படவில்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் 30 முதல் மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. 1972 டிசம்பர் 25-ம் தேதி ராஜாஜி காலமானார். அதன்பின் 1974-ல் மதுவிலக்கு மீண்டும் வந்தது, மீண்டும் தளர்ந்தது. 2003 முதல் அரசின் நிறுவனமான டாஸ்மாக்கே சில்லறைக் கடைகளை நடத்துகிறது. முதன்முதலில் கடைகள் மூடப்பட்ட அதே சேலத்திலும் நாமக்கல்லிலும் இன்று அவை திறந்திருக்கின்றன.

அப்படியானால் அவர் உழைப்பு வீணா? இல்லை. நல்ல நோக்கத்துடன் செய்யப்பட்ட முயற்சிக்கு உலகில் மதிப்பு உண்டு. ஆனால் சட்டத்தை மட்டும் நம்பிய சீர்திருத்தம், சட்டம் மாறும்போது தானும் மாறிவிடும் என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. மதீனாவை நினைத்துப் பாருங்கள். அங்கே மது படிப்படியாகத் தடுக்கப்பட்டது. முதலில் உள்ளங்களில் ஈமான் வேரூன்றியது. முடிவான கட்டளை வந்தபோது காவல்காரர் யாரும் தேவைப்படவில்லை. மக்கள் தாமே மதுவைக் கொட்டினார்கள், தெருக்களில் அது ஓடியது. ஆட்சிகள் எத்தனையோ மாறியும் அந்தத் தடை மாறவில்லை.

ஆகவே வாசக நேயர்களே, கடையைத் திறப்பதும் மூடுவதும் ஆட்சியாளர் கையில் இருக்கலாம். வீட்டு வாசலை மூடுவது நமது கையில் இருக்கிறது. நமது மஹல்லாவிலும் வாலிபர்கள் சிலர் இப்பழக்கத்துக்கு அடிமையாகி வருவதை மறைத்துப் பயனில்லை. மார்க்கம் தடுத்திருக்கிறது என்று பெருமை பேசுவதோடு நில்லாமல், தவறிய பிள்ளையை ஏசி ஒதுக்காமல், அருகில் அமர்த்தி அன்போடு பேசுங்கள். வேலையில்லாதவனுக்கு ஜமாஅத்தார் ஒரு வேலைக்கு வழி செய்யுங்கள். வெறும் கட்டளை போதாது, ராட்டையும் வேண்டும் என்பதைப் புதுப்பாளையம் நமக்குச் சொல்கிறது. வேதக் கட்டளை இல்லாமலே ஒருவர் மழையில் நனைந்துகொண்டு போய்க் கேட்டார் என்றால், கட்டளையைக் கையில் வைத்திருக்கும் நாம் எவ்வளவு தூரம் நடக்கக் கடமைப்பட்டவர்கள்!

அல்லாஹ் நம்மையும் நம் சந்ததிகளையும் இத்தீமையிலிருந்து காத்தருள்வானாக! ஆமீன்.