தொண்டையில் தொடங்கிய அகராதி

‘கல்பு’ என்று தமிழில் எழுதினால் அஃது அரபியில் இதயத்தையும் குறிக்கலாம்; நாயையும் குறிக்கலாம். அரபியிலோ அவ்விரு சொற்களின் முதலெழுத்துக்களும் வேறு. நாவின் அடிப்பகுதி எழுந்து உள்நாக்கைத் தொட்டால் இதயம். சற்றே முன்னால் மேலண்ணத்தைத் தொட்டால் நாய். இறைமறை ஓதும் நாவுக்கு இச்சிறு இடைவெளி எத்துணைப் பெரிது என்பதை எண்ணிப் பாருங்கள்!

இந்நுட்பத்தை ஆராய்ந்து வகுத்த பேரறிஞர் இமாம் கலீல் இப்னு அஹ்மது (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 100 (கி.பி. 718) அளவில் உமானில் பிறந்து, பஸ்ராவில் வாழ்ந்தார்கள். அரபியரல்லாதோர் திரளாக இஸ்லாத்தைத் தழுவிய காலம் அது. புதியோர் நாவில் அரபி ஒலிகள் திரிந்துவிடுமோ என்ற கவலை கற்றோரை வாட்டிற்று.

இமாமவர்கள் தம் வாயையே ஆய்வுக் கூடமாக்கிக் கொண்டார்கள். அலிபை முன்வைத்து ஒவ்வோர் எழுத்தாக ஒலித்து, அது பிறக்குமிடத்தைத் தேர்ந்தார்கள். ஹம்ஸா நிலைமாறும் இயல்புடையது என்று அதனை விடுத்து, தொண்டையின் ஆழத்தில் பிறக்கும் ‘ஐன்’ எழுத்தை முதலில் வைத்தார்கள். தொண்டை எழுத்துக்களுக்குப் பின் உள்நாக்கை அடுத்துப் பிறப்பவை. அதன்பின் அண்ணம், பல், இதழ் என வெளிநோக்கி வரிசைப்படுத்தினார்கள். அவ்வரிசையில் அமைந்ததே அரபியின் முதல் அகராதியான ‘கிதாபுல் ஐன்’. அதனை நிறைவு செய்தவர் அவர்தம் மாணவர் லைது என்பர். ஐன் ஒலிக்கையில் நாவடி பின்வாங்கி, தொண்டையின் பின்சுவரை நெருங்குவதை இன்றைய ஒலியியலாரும் காட்டுகின்றனர்.

அரபி யாப்பிலக்கணத்தை வகுத்தவரும், இலக்கண மேதை சீபவைஹியின் ஆசிரியரும் இவர்களே. ஆயினும் வறுமையிலேயே வாழ்ந்தார்கள். ஆளுநர் ஒருவர் ஆளனுப்பி அழைத்தபோது, வீட்டிலிருந்த காய்ந்த ரொட்டியைக் காட்டி, இஃதுள்ள வரை அவர் தயவு தமக்குத் தேவையில்லை என்று மறுத்துவிட்டார்களாம். அறிவை விலை பேசாத உள்ளம் அது!

ஹிஜ்ரி 175 (கி.பி. 791) அளவில் அவர்கள் மறைந்தார்கள். எளியோரும் ஏமாறாதவாறு கணக்கிடும் முறையொன்றைச் சிந்தித்தவண்ணம் பள்ளிவாசலில் நுழைந்தபோது தூணில் மோதியதே காரணம் என்று வரலாறு கூறுகிறது.

அன்பர்களே! உங்கள் தொண்டையில் தொங்கும் அச்சிறு தசையும் இறைவன் தந்த அருட்கொடையே. ஓதும்போது விரைந்து ஓடாதீர்கள். ஒவ்வோர் எழுத்தையும் அதற்குரிய இடத்திலிருந்து எழுப்புங்கள்; குழந்தைகளுக்கும் அவ்வாறே கற்பியுங்கள்.