வீட்டுச் செபத்தை விதைத்த புனித சவேரியார்

முத்துக்குளித்துறையின் அப்போஸ்தலர் என்று நாம் போற்றும் புனித பிரான்சிஸ் சவேரியார், 1506-ம் ஆண்டு ஏப்ரல் 7-ம் நாள், இன்றைய ஸ்பெயின் தேசத்து வடபகுதியான நவார் நாட்டில் சவேரியார் கோட்டையில் பிறந்தார். குடும்பத்தின் கடைசிப் பிள்ளை. 1515-ல் தந்தை இறந்தார். மறு ஆண்டு பகைவர் அக்கோட்டையின் மதில்களை இடித்துப் போட்டனர். செல்வமும் செல்வாக்கும் சரிந்த அவ்வீட்டில் பக்தியுள்ள தாய் மரியாளே பிள்ளையை வளர்த்தார்.

பாரீசில் படிக்கச் சென்ற வாலிபர் அங்கே புனித இஞ்ஞாசியாரின் நட்பால் மனம் மாறினார். 1534 ஆகஸ்டு 15-ல் அவரோடும் மற்றத் தோழர்களோடும் வார்த்தைப்பாடு கொடுத்தார். 1537-ல் குருவானார். 1542 மே 6-ல் கோவா வந்திறங்கி, அவ்வாண்டு அக்டோபரில் நம் கடற்கரைக்கு வந்தார்.

இங்கே பரதகுல மக்கள் 1535 முதற்கொண்டே ஞானஸ்நானம் பெற்றிருந்தனர். ஆனால் அவர்கள் மொழியில் வேதம் போதிக்க ஆளில்லை. கிறிஸ்தவர் என்ற பெயர் இருந்தது; செபம் தெரியாது. சவேரியார் முதலில் மொழி தெரிந்தவர்களைக் கூட்டிவைத்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை மந்திரம், பத்துக் கற்பனைகள் ஆகியவற்றைத் தமிழில் ஆக்கி, தாமே மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியோடு தெருத் தெருவாக நடந்தார். பிள்ளைகள் ஓடிவந்து கூடினர்.

கற்றுக்கொண்டதை வீட்டிலே தாய் தந்தையர்க்கும், வீட்டாருக்கும், அண்டை அயலாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அப்பிள்ளைகளைப் பணித்தார். நோயாளிகள் பலர் அழைத்தபோது, எல்லா வீட்டுக்கும் தாம் போக இயலாமல், பிள்ளைகளையே அனுப்பினார். அவர்கள் குடும்பத்தாரைக் கூட்டி, விசுவாசப் பிரமாணம் சொல்லிச் செபித்தனர். பெரியவர் சொல்லச் சிறியவர் கேட்பதே நம் குடும்ப வழக்கம். இங்கேயோ பிள்ளை சொல்லப் பெற்றோர் கற்றனர். ஊர்தோறும் மந்திரங்களை எழுதி வைத்து, நாள்தோறும் சொல்லிக்கொடுக்க உபதேசியார்களையும் ஏற்படுத்தினார்.

1545-ல் அவர் மலாக்காவுக்குக் கப்பலேறினார். 1549-ல் ஜப்பான் சென்றார். 1552 டிசம்பர் 3-ல் சீனக் கரையை நோக்கியபடி சான்சியன் தீவில் 46-ம் வயதில் உயிர் நீத்தார். 1622-ல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

அவர் விதைத்தது வேர் பிடித்ததா என்பது 1658-ல் தெரிந்தது. அவ்வாண்டு டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்துக் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினர். தங்கள் மார்க்கத்துக்கு மக்களை இழுக்க முயன்றனர். மக்கள் இணங்கவில்லை. கோயிலைப் பூட்டலாம், தாயின் வாயிலிருந்து பிள்ளையின் நெஞ்சில் ஏறிய மந்திரத்தை எவர் பூட்ட முடியும்?

அன்பார்ந்த மில்லர்புரம் பங்கு மக்களே! நாம் எந்த ஊரிலிருந்து வந்து இங்குக் குடியேறியிருந்தாலும், மாலையில் குடும்பமாக முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லும் வழக்கத்தை நம் பாட்டன் பாட்டியரிடமிருந்து பெற்றிருக்கிறோம். இன்று நம் வீடுகளை எந்தப் பகைவனும் முற்றுகையிடவில்லை. தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் நாமே அந்த வேளையைக் கொடுத்துவிடுகிறோம். ஜூபிலிக் கொண்டாட்டம் முடிந்து தோரணங்கள் இறங்கும். அன்று மாலை நம் வீட்டில் செபம் ஏறட்டும். பெற்றோர் மறந்திருந்தால், பிள்ளைகளே, நீங்கள் அழையுங்கள். சவேரியார் உங்களை நம்பியே இக்கரையில் வேலையைத் தொடங்கினார்.