குரலைச் சுருக்கிய ஹோமர் டட்லி

அந்தமானில் அபர்டீன் பஜார் என்று ஒரு கடைவீதி உண்டு. போர்ட் பிளேர் நகரின் நெஞ்சுபோன்ற இடம் அது. (2024ஆம் ஆண்டு முதல் அந்நகரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம்.) வீதியில் ஒரு மணிக்கூண்டு, அதைச் சுற்றிக் கடைகள். வங்காளியும் இந்தியும் தெலுங்கும் ஒலிக்கும் அந்த வீதியில் நம் தமிழும் தாராளமாகக் காதில் விழும். என் சிற்றப்பா அங்கே பல ஆண்டுகள் கடை வைத்திருந்தார். இராமநாதபுரத்துக்குத் தொலைபேசியில் பேசும்போது ஒரு வாக்கியம் சொல்வார், நிறுத்துவார், காத்திருப்பார், பிறகுதான் அடுத்த வாக்கியம். ஊருக்கு வந்த பின்னும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. எதிரே திண்ணையில் உட்கார்ந்திருப்பவரிடமும் அப்படியே நிறுத்தி நிறுத்திப் பேசுவார். நாங்கள் கேலி செய்வோம்.

காரணம் எனக்குப் பின்னாளில்தான் விளங்கிற்று. சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பித் தொடர் தீவுகளுக்குத் தொடங்கிவைக்கப்பட்டது 2020 ஆகஸ்ட் 10ஆம் நாள். அதற்கு முன்பு, ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோளையே தீவுகள் நம்பியிருந்தன. குரல் மேலே ஏறி இறங்கக் கால் வினாடி. மறுமொழி வந்து சேர இன்னொரு கால் வினாடி. சிற்றப்பாவின் மௌனம் அதுதான். செயற்கைக்கோளில் தாமதம் மட்டுமன்று, இடமும் குறைவு. குறுகிய வழியில் பல பேருடைய குரலை எப்படி அனுப்புவது? இந்தக் கேள்விக்கு முதன்முதலில் வழி காட்டியவர் ஹோமர் டட்லி என்னும் அமெரிக்கர். ஒலியியல் படிப்போர் நன்கறிந்த அப்பெயரை மற்ற நண்பர்களும் அறிய வேண்டும் என்பதே என் ஆசை.

1896 நவம்பர் 14இல் வர்ஜீனியா மாநிலத்தில் அவர் பிறந்தார். தந்தையார் ஒரு சமய போதகர். குடும்பம் பின்பு பென்சில்வேனியாவுக்குக் குடிபெயர்ந்தது. டட்லி பள்ளிப்படிப்பை இளம் வயதிலேயே முடித்து, ஒரே அறை கொண்ட பள்ளியில் ஆசிரியரானார். பிள்ளைகள் அடங்கவில்லை. வேறொரு பள்ளிக்குப் போனார். அங்கும் அதே கதை. வகுப்பை அடக்கத் தெரியாத அந்த வாத்தியார் வேலையை விட்டுவிட்டு, கல்லூரிச் செலவுக்குத் தாமே உழைத்துப் பொருள் தேடி, பென்சில்வேனியா மாநிலக் கல்லூரியில் மின்பொறியியல் படித்தார். பிறகு வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம், அதன் வழியே பெல் ஆய்வுக்கூடம். நாற்பது ஆண்டுக்கு மேல் அந்த ஒரே குடையின் கீழ் இருந்தார். நமக்கு இலாபமாக முடிந்த தோல்வி அது!

அந்நாளில் அட்லாண்டிக் கடலடியில் கிடந்தது தந்திக் கம்பி. தந்தி அதில் ஓடும்; பேச்சு ஓடாது. தெளிவான பேச்சுக்கு ஏறத்தாழ 3,000 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும்; தந்திக் கம்பியோ நூறு ஹெர்ட்ஸ் அளவே தாங்கும். மற்றவர்கள் கம்பியைப் பெரிதாக்க நினைத்தார்கள். டட்லி 1928இல் வேறு விதமாக நினைத்தார்: பேச்சைச் சிறிதாக்கினால் என்ன?

அவர் கண்டது மிக எளிய உண்மை. குரல்வளை சுருதிப்பெட்டிபோல ஒலி எழுப்புகிறது. அந்த ஒலிக்கு உருவம் கொடுப்பவை நாவும் இதழும் அண்ணமும். ஒலி வினாடிக்கு நூற்றுக்கணக்கில் அதிர்ந்தாலும், நாவும் இதழும் வினாடிக்குச் சில முறைதான் அசைகின்றன. சொல்லின் பொருள் இருப்பது அந்த மெதுவான அசைவில். அப்படியானால் ஒலியை ஏன் சுமக்க வேண்டும்? அசைவை மட்டும் அனுப்பினால், அக்கரையில் வேறொரு சுருதிப்பெட்டியை வைத்துப் பேச்சை மறுபடி செய்துகொள்ளலாமே! நெஞ்சும் மிடறும் தலையும் பல்லும் இதழும் நாவும் மூக்கும் அண்ணமும் எழுத்தொலி பிறக்கும் இடங்கள் என்று தொல்காப்பியம் பிறப்பியலில் வகுத்திருப்பதைப் படித்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது. தொல்காப்பியரே இக்கருவியைச் செய்துவிட்டார் என்று பெருமை பேச நான் வரவில்லை. அந்தப் பெருமை நமக்கு வேண்டியதும் இல்லை.

டட்லியின் கருவிக்கு வோகோடர் என்று பெயர். அது பேச்சைப் பத்துப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வலிமை எவ்வளவு என்று மட்டும் அளந்தது. குரலின் சுருதிக்குத் தனியாக ஒரு வழி. பதினொரு வழிக்கும் தலா 25 ஹெர்ட்ஸ். ஆக மொத்தம் 275. மூவாயிரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

1939இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் அவர் இதன் தங்கையைக் காட்டினார். வோடர் என்னும் அந்தக் கருவி, கட்டைகளை விரலால் அழுத்தியும் சுருதியைக் காலால் மாற்றியும் பேச்சை உண்டாக்கும். தொலைபேசி நிலையப் பெண்கள் முந்நூற்றுக்கு மேற்பட்டோரில் இருபத்து நால்வரளவே தேறினர். அவர்களுக்கும் ஓராண்டுப் பயிற்சி வேண்டியிருந்தது. ஒரு குழந்தை விளையாட்டாகக் கற்பதைத் தேர்ந்த விரல்கள் ஓராண்டு பழகவேண்டியிருந்ததே!

பிறகு போர் வந்தது. வோகோடரின் அளவுகளை எண்களாக்கி, அவற்றோடு இரகசிய எண்களைக் கலந்து அனுப்பும் சிக்சலி என்ற பொறியை பெல் ஆய்வுக்கூடம் அமைத்தது. ஒரு நிலையத்தின் எடை ஐம்பது டன்னுக்கு மேல். 1943 ஜூலை 15இல் வாஷிங்டனும் இலண்டனும் அதன் வழியே பேசத் தொடங்கின. குரலுக்கு ஆன செலவு வினாடிக்கு ஏறத்தாழ 1,500 பிட். அதே ஆண்டில் அபர்டீன் பஜார் ஜப்பானியர் பிடியில் உலகத் தொடர்பற்றுக் கிடந்தது.

சிக்சலி வழியே சொல் போயிற்று, ஆள் போகவில்லை. பேசுவது இன்னார் என்று கண்டுகொள்ள முடியாத இயந்திரக் குரலாக அது கேட்டது. தளபதிகளுக்கு அது போதும். நமக்குப் போதுமா? 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்து தொடர்பு அறுந்தபோது, தில்லியிலிருந்து வந்து போர்ட் பிளேரில் தங்கியிருந்த அமெச்சூர் வானொலிக் குழுவினர்தாம் பலருடைய சேதியை வெளியே அனுப்பினார்கள். எங்கள் வீட்டுக்கும் எவரோ ஒருவர் வழியாகச் சேதி வந்தது: ஆள் நலம். சிற்றன்னை நம்பவில்லை. நான்கு நாள் கழித்து, கரகரத்த தொலைபேசியில் ஒரு வாக்கியமும் அதன் பின் ஒரு மௌனமும் கேட்டது. அதன் பிறகுதான் அடுப்பு மூட்டினார்.

ஆகவே குரல் சுருக்கும் முறைகளை பிட் கணக்கை மட்டும் வைத்து ஒப்பிடுவது சரியன்று என்பது என் கருத்து. அலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1930களின் பிற்பகுதியில் கண்ட முறை அலையை அப்படியே எண்ணாக்குவது. வினாடிக்கு 8,000 மாதிரி, மாதிரிக்கு 8 பிட். ஆக 64,000 பிட். சொல்லும் வரும், ஆளும் வருவார், செலவுதான் மிகுதி. வோகோடர் வழி வந்தவை அதற்கு எதிர்க்கோடி. 2,400 பிட்டில் சொல் விளங்கும். குரல் வண்டுபோல் ரீங்கரிக்கும். இரண்டுக்கும் நடுவே பாலம் கட்டியவர்களுள் ஒருவர் நம் நாட்டவர்: கான்பூரில் பிறந்து, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் விரிவுரையாளராயிருந்து, 1961இல் பெல் ஆய்வுக்கூடம் சேர்ந்த விஷ்ணு அடல். முந்தைய மாதிரிகளைக் கொண்டு அடுத்ததை முன்கணிக்கும் முறையை அவர் வளர்த்தார். பின்பு 1980களில் மான்ஃபிரெட் ஷ்ரோடருடன் சேர்ந்து புது வழி கண்டார்: ஒரே சுருதிப்பெட்டிக்குப் பதில் ஆயிரம் ஒலித்துண்டுகள் கொண்ட ஓர் ஏடு. ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து, மிக ஒத்துப்போவதன் எண்ணை மட்டும் அனுப்பினால் போதும். ஒரு வினாடிப் பேச்சைச் சுருக்க அக்காலத்து மாபெரும் கணிப்பொறிக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. நம் சட்டைப்பையிலுள்ள கைப்பேசி அம்முறையின் வாரிசுகளை வைத்துக்கொண்டு 12,000 பிட் அளவில் அதை உடனுக்குடன் செய்கிறது.

இப்போது 700 பிட்டில் பேசும் முறைகூட அமெச்சூர் வானொலியில் உண்டு. இவற்றையெல்லாம் தமிழ்க் காதுகொண்டு சோதிக்க வேண்டும். லகர, ளகர, ழகரங்கள் எத்தனை பிட் வரை வேறு வேறாகக் கேட்கின்றன? நம் சங்கக் கூட்டத்தில் முப்பது பேரை உட்காரவைத்து, ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடச் சொன்னால் ஒரு மாலைப்பொழுதில் தெரிந்துவிடும். நான் கருவி கொண்டுவருகிறேன்.

சிக்சலி இரகசியம் 1976 வரை மூடியே கிடந்தது. தம் கருவி போரில் செய்த வேலையை உலகம் அறிந்தபோது டட்லிக்கு ஏறத்தாழ எண்பது வயது. 1980 செப்டம்பர் 18இல் அவர் மறைந்தார். அவர் பெயரில் முப்பத்தேழு காப்புரிமைகள் இருந்தன.