பங்கு கேட்ட திருத்தந்தை

அக்டோபர் 7, செபமாலை அன்னை விழா. 1571இல் அதே நாளில் நடந்த லெப்பாந்தோ கடற்போரின் வெற்றியை நினைக்கும் நாம், அதன் செலவைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

சிறுவயதில் ஆடு மேய்த்தவர், தொமினிக்கன் துறவி, திருத்தந்தை புனித 5ஆம் பத்திநாதர். 1570இல் துருக்கியர் சைப்பிரசைத் தாக்கியதும் ஸ்பெயினையும் வெனிசையும் ஒன்றுசேர்க்க முயன்றார். மாதக்கணக்கில் பேரம் நடந்தது. முடிவில் ஸ்பெயினுக்குப் பாதிச் செலவு, வெனிசுக்கு மூன்றில் ஒரு பங்கு, திருத்தந்தைக்கு ஆறில் ஒரு பங்கு.

மன்னர் 2ஆம் பிலிப் சும்மா இசையவில்லை. பரிபூரண பலனுக்காக மக்கள் தரும் 'குருசாதா' காணிக்கையைத் தமக்குக் கேட்டார். பலன்களைக் காசுக்கு விற்பதை வெறுத்தவர் நம் திருத்தந்தை, ஆண்டுக்கணக்கில் மறுத்திருந்தார். 1571இல் விட்டுக்கொடுத்தார். இந்த இடம் நம்மை நெருடத்தான் செய்கிறது.

1572 மே 1இல் அவர் இறந்தார். மறு ஆண்டே வெனிஸ், சைப்பிரசைக் கைவிட்டு, துருக்கியரோடு தனியே சமாதானம் செய்துகொண்டது.