மனத்துள் நின்ற சாட்சி

‘மனசாட்சி’ என்னும் சொல்லுக்குள்ளேயே ஒரு சாட்சி இருக்கிறது. அனைத்தையும் காணும் அந்தச் சாட்சியின் முன் பொய்யனாக நிற்க மறுத்து உயிரையே கொடுத்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த தாமஸ் மோர்.

1478-இல் லண்டனில் ஒரு வழக்கறிஞரின் மகனாகப் பிறந்த மோர், தாமும் சட்டம் பயின்றார். இளமையில் கார்த்தூசியத் துறவியரின் மடத்தோடு நெருங்கி வாழ்ந்து பிரார்த்தனையிலும் நோன்பிலும் ஈடுபட்டார். துறவு பூண்பதா என்று ஆழ்ந்து சிந்தித்தவர், முடிவில் இல்லறத்தை ஏற்றார். ஆயினும் அந்தத் தவநெறி அவரை விட்டு நீங்கவில்லை. 1529-இல் மன்னர் எட்டாம் ஹென்றி அவரை லார்டு சான்சலர் என்னும் உயர்பதவியில் அமர்த்தினார். அப்போதும் பதவிக்குரிய ஆடையின் அடியில், உடலை உறுத்தும் முரட்டு ரோமச் சட்டையை அவர் ரகசியமாக அணிந்து வந்தார். அதைத் துவைத்துத் தந்த மகள் மார்கரெட் அதனை அறிந்திருந்தார்.

நீதி வழங்குவதும் அப்பதவியின் கடமை. அவரால் நீதி பெற்ற ஒரு பெண்மணி, புத்தாண்டுப் பரிசாகக் கையுறைகளையும் அவற்றினுள் 40 பவுண்டு மதிப்புள்ள பொற்காசுகளையும் அளித்தார். மோர் கையுறைகளை ஏற்று, காசுகளைத் திருப்பித் தந்தார்.

அவர் குறையே இல்லாதவர் அல்லர். அவரது பதவிக் காலத்தில், திருச்சபைக் கொள்கைக்கு மாறுபட்ட ஆறு பேர் தீயிலிடப்பட்டனர். அத்தண்டனையை அவர் ஆதரித்தார். பிறருக்கு மறுக்கப்பட்ட மனசாட்சியின் உரிமை, பின்னர் அவருக்கே தேவைப்பட்டது.

அரசி காதரினை விலக்கி ஆன் போலினை மணக்க விரும்பிய மன்னர், திருத்தந்தையின் அதிகாரத்தை விலக்கித் தம்மையே இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவராக்கிக் கொள்ள முற்பட்டார். 1532-இல் மோர் பதவியைத் துறந்தார், வருமானம் குன்றியது. 1534-இல் புதிய வாரிசு உரிமையை ஏற்றுச் சத்தியம் செய்யுமாறு அழைக்கப்பட்டார். வாரிசு யார் என்பதை ஏற்க அவர் ஆயத்தமாகவே இருந்தார். ஆனால் அந்தச் சத்தியத்தின் வாசகம் முழுவதையும் அவர் மனம் ஏற்கவில்லை. சத்தியம் என்பது இறைவனைச் சாட்சிக்கு அழைப்பது. நாவு ஒன்றும் நெஞ்சு வேறொன்றும் சொன்னால், மன்னர் ஏமாறலாம். அழைக்கப்பட்ட சாட்சி ஏமாறுமா?

ஆயர்கள் பலர் சத்தியம் செய்தனர். மார்கரெட்டும் செய்தார், சிறையில் தந்தையைக் கண்டு இணங்குமாறு மன்றாடினார். மோர் மகளைக் கடிந்துகொள்ளவில்லை. சத்தியம் செய்த எவரையும் குறை கூறவுமில்லை. தம் உள்ளத்துக்கு மட்டுமே தாம் பொறுப்பு என்றிருந்தார்.

மன்னரின் தலைமையை மோர் மறுத்துப் பேசியதாக ரிச்சர்ட் ரிச் என்ற அரசு அதிகாரி நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சாட்சி சொன்னார். சத்தியத்தைப் பொருட்படுத்தாதவராக இருந்தால், தாம் அங்கே குற்றவாளியாக நிற்க நேர்ந்திராது என்பதை மோர் சுட்டிக்காட்டினார். ஆயினும் மரண தண்டனையே விதிக்கப்பட்டது.

1535 ஜூலை 6 அன்று அவர் தலை வெட்டப்பட்டது. அதற்கு முன்தினம் ரோமச் சட்டையை மார்கரெட்டுக்கு அனுப்பிவைத்தார். 1935-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

நம்முன் கொலைக்களம் இல்லை. ஆனால் நாம் கையொப்பமிடும் ஒரு தாள், ஒப்புவிக்கும் ஒரு கணக்கு, முகத்துக்காகச் சொல்லும் ஒரு சம்மதம் ஆகியவை நாள்தோறும் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றின் அருகிலும் அதே சாட்சி நிற்கிறது.