மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே

1829இல் இங்கிலாந்தில் பிறந்த பிரான்சிஸ் டே, 1852இல் சென்னை மாகாணத்தில் மருத்துவப் பணியேற்றார். மீனாராய்ச்சியே அவர் வாழ்வாயிற்று. 1875 முதல் 1878 வரை வெளிவந்த அவரது இந்திய மீன்கள் பற்றிய பெருநூலில், விருதுநகர்ச் சீமைக் கண்மாய்களின் விராலும் கெளுத்தியும் இடம்பெற்றுள்ளன.

நீலகிரியின் குளிர்நீரில் டிரவுட் மீனைக் குடியேற்ற 1863இல் இங்கிலாந்திலிருந்து முட்டைகளைக் கொணர முயன்றார், பலிக்கவில்லை. 1866இல் மீண்டும் முயன்றார். அப்போதும் டிரவுட் நிலைபெறவில்லை. 1889இல் செல்டன்ஹாமில் மறைந்தார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் நிறுவி வானவில் டிரவுட்டை வாழச் செய்தார். பின்னாளில் அங்கே ஏரிக்கரையில், அந்திப்பொழுதில், தூண்டிலிட்டுக் காத்திருந்தோர் பலர். அவர்தம் தூண்டிலில் துள்ளிய மீனை, அதற்கு முதலில் வழி தேடியவர் அந்த மலையில் கண்டதே இல்லை.