ரிட்ஸ் ஹோட்டல் வாரிசு தூண்டிலுக்குச் சொன்ன 60-20-20 கணக்கு! யார் இந்த சார்லஸ் ரிட்ஸ்?

பாரீஸின் புகழ்பெற்ற ரிட்ஸ் ஹோட்டலை 1898-ல் தொடங்கியவர் செசார் ரிட்ஸ். ஆனா, அவர் மகன் சார்லஸுக்கு ஹோட்டல் லாபியைவிட ஆற்றங்கரைதான் இஷ்டம். ஃப்ளை ஃபிஷிங் உலகம் இன்றும் அவரை நினைப்பது ஹோட்டலுக்காக அல்ல, ஒரு நரம்புக் கணக்குக்காக!

அப்பா பட்ட பாடு

சார்லஸ் பிறந்தது 1891-ல். 1902-ல் மன்னர் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா கடைசி நேரத்தில் தள்ளிப்போக, விருந்து ஏற்பாடுகளில் மூழ்கியிருந்த அப்பா நிலைகுலைந்துபோனார். அதிலிருந்து அவர் முழுசா மீளவே இல்லை. 1918-ல் இறந்தார். ஹோட்டலைத் தாங்கிப் பிடித்தவர் அம்மா மேரி லூயி.

இதற்கிடையே அமெரிக்கா போன சார்லஸ், நியூயார்க்கின் ரிட்ஸ் கார்ல்டனில் வேலை பார்த்தார். ஓய்வு நேரத்தில் பழைய மூங்கில் தூண்டில் கம்புகளைச் சீர்செய்வார். பிரான்ஸ் திரும்பியதும் பெசோன் எ மிஷல் நிறுவனத்துக்குக் கம்புகள் வடிவமைத்துக் கொடுத்தார்.

லீடர்னா என்ன?

ஃப்ளை ஃபிஷிங்கில் இரை என்பது இறகும் நூலும் சுற்றிய போலிப் பூச்சி. அதற்கு எடையே இல்லாத மாதிரி. கனமான லைன்தான் அதைத் தூக்கிப்போகணும். இரண்டுக்கும் நடுவே வரும் நரம்புதான் லீடர். அது சட்டென மெலிந்தால், வீச்சின் வேகம் பாதியிலேயே செத்து, நரம்பு சுருண்டு விழும். நுனி தடிமனாக இருந்தாலோ ட்ரவுட் மீன் உஷாராகிடும்.

ரிட்ஸ் சொன்ன தீர்வு: 60% தடித்த அடிப்பகுதி, 20% படிப்படியாக மெலியும் நடுப்பகுதி, 20% மெல்லிய நுனி. 10 அடி லீடர் என்றால் 6 அடி, 2 அடி, 2 அடி. அவ்வளவுதான்!

முன்பெல்லாம் பட்டுப்புழுவின் சுரப்பியிலிருந்து இழுத்த நரம்புதான். நீளம் குறைவு, தண்ணீரில் ஊறவைக்கவும் வேண்டும். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு நைலான் பரவியதும், யார் வேண்டுமானாலும் முடிச்சுப் போட்டே லீடர் செய்ய முடிந்தது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

தெளிந்த, அசையாத நீருக்கு நீளமான லீடர். காற்றடித்தாலோ, சின்ன ஓடை என்றாலோ குட்டையானது. நுனிக்கு ஒரு எளிய வழி: பூச்சி கட்டிய முள்ளின் எண்ணை 3-ஆல் வகுங்கள். 12-ம் எண் என்றால் 4எக்ஸ் நரம்பு.

எழுத்தாளர் ஹெமிங்வேயின் நண்பரான ரிட்ஸ், பின்னாளில் ஹோட்டல் தலைமைக்கும் வந்தார். 1976-ல் மறைந்தார். 1979-ல் ஹோட்டல் கைமாறியது. ஆனா, லீடர் கட்டுபவர்கள் இன்றும் அந்த 60-20-20-லிருந்துதான் தொடங்குகிறார்கள்.